மூவரும் குடிலில்

குளிர்காலம், நாள் 212. 07:10, குடியேற்ற வாயில்
வெளியே கழித்தல் 31 பாகை. காற்று மிதம். அஸ்தமனம் 16:40, அதன்பின் இந்தக் கோளின் குளிரை எங்கள் உடை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. திட்டம்: மூன்று பனிச்சிகரங்கள், மாலைக்குள் மலைக்குடில். நான் சுகந்தி, பனி ஆய்வாளர். உடன் கல்லூரித் தோழிகள் ஹெலன், மெஹருன். மூவர் மணிக்கட்டிலும் இருப்பிடம் காட்டும் வில்லை. மூன்று உச்சியிலும் பதிவானால் சான்றிதழ் தருவார்களாம். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்குச் சான்றிதழ்.

11:25, இரண்டாம் சிகரம்
மெஹருனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தாழ்வான பாதையில் நேரே குடிலுக்குப் போகிறேன் என்றாள். ஒரு மணி நேர நடைதான். ஹெலன் அவள் வில்லையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
"காலேஜ்ல உனக்கு நான் குடுக்காத ப்ராக்ஸியாடி? மூணாவது உச்சியிலயும் நீ பிரசன்ட்."
மெஹருன் சிரித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

14:30, குடில்
மெஹருன் வந்து சேரவில்லை. வானொலியிலும் பதில் இல்லை. பனிக்காற்று வலுக்கிறது. வாசலில் எங்கள் இரு வில்லைகளையும் செருகியபின்தான் கதவு திறந்தது. செருகியதைக் குடில் காலைவரை விடாது. மூன்றாவது, ஹெலன் பையில்.
மீட்பு மையத்தை அழைத்தேன். பணியில் மாசிலாமணி என்பவர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.
"திரையில மூணு பேரும் குடில்லதான் மேடம் இருக்கீங்க. வில்லை இல்லாத எடத்துக்கு வண்டி போகாது."
தானே ஓடும் அந்த வண்டியை யாராவது கையால் ஓட்டி வரச் சொன்னேன். அதற்கு மேலதிகாரி உத்தரவு வேண்டும், அவர் காலையில்தான் வருவார் என்றார். அப்படியானால் பிணத்தை எடுக்க உத்தரவு வாங்குங்கள் என்றேன்.
ஹெலன் அழுகிறாள். அழட்டும். முப்பது வருடமாக அவளுக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு எல்லாம் அடுத்தவர் விஷயம்.

14:45
மெஹருனின் வில்லையோடு நான் கிளம்புகிறேன். அது அவள் கையில் இருந்தால் வண்டி வந்தே தீரவேண்டும். ஹெலனும் வருகிறேன் என்றாள். இங்கேயே இருந்து மாசிலாமணியை விடாமல் திட்டு என்றேன்.

16:20, தாழ்பாதை, கரும்பாறை அடி
கிடைத்துவிட்டாள். பள்ளத்தில் விழுந்திருக்கிறாள், அவள் வானொலி நொறுங்கியிருக்கிறது. மூச்சு இருக்கிறது. வில்லையைக் கட்டினேன். பதினோராம் நிமிடம் ஓட்டுநரில்லாத வண்டி வந்தது. அவளை ஏற்றி நானும் ஏறினேன். நகரவில்லை. வில்லைப் பதிவில்லாத எடை என்று பலகை காட்டியது. இறங்கினேன். உடனே போய்விட்டது. எவ்வளவு ஒழுக்கமான வண்டி.

16:50
குடிலுக்குத் திரும்பும் பாதையைப் பனி மூடிவிட்டது. மாசிலாமணி அழைத்தார்.
"அவங்க உயிரோட வந்து சேந்துட்டாங்க மேடம். இப்ப எல்லாருமே பத்திரம்."
நான் வெளியே நிற்கிறேன் என்றேன்.
"ஹெலன் மேடமும் அதத்தான் சொல்றாங்க. ஆனா திரையில நீங்க குடில்லதான இருக்கீங்க."

17:2
விரல் மடங்கவில்லை. இதை எடுப்பவர் குறித்துக்கொள்ளவும். குடிலில் இருப்பது ஒருத்தி மட்டுமே. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே வருகை இருக்கும். அதை அடியுங்கள். தாள் கிழியும்படி அடியுங்கள். நான் குடிலில் இல்