இரண்டு சாண் பனி

ரேவோசென்
ஜனவரி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் டூவாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நாயும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அதுபோலக் கனடாவில் நீயும் உன் இடது முழங்காலும் தனித்தனியாகவும் சேர்ந்தும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், நீ பேசினால் நான் நிறுத்திவிடுவேன், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கிற தைரியம் எனக்கு வராது. அதனால்தான் கடிதம். உன் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் லென்னார்ட் நாளைக் காலை விமானத்தில் கிளம்புகிறார், அவர் பையில் போட்டுவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும்.

வீட்டுச் சேதி முதலில். அம்மாவுக்கு முதுகுவலி பரவாயில்லை, கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடக்கிறாள். கடமான் வேட்டையில் இந்த வருஷமும் நான் சுட்டேன், கடமான் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தே போனது, ஓடக்கூட இல்லை. ஆனாலும் பங்கு இறைச்சி கொடுத்தார்கள், உனக்கென்று ஒரு பொட்டலம் உறைபெட்டியில் இருக்கிறது. உன் அறையில் கிடக்கும் அந்த ஆட்டப் பலகை, ஒற்றைக் காலில் நின்று பழகுவாயே, அதில் ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். ஏறியது நினைவிருக்கிறது, இறங்கியது நினைவில்லை, அலமாரிக் கதவை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம், சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இல்வா விழுந்த விஷயம் உனக்குத் தெரியும். உங்கள் ஸ்கீ பந்தயத்துக்காக இந்த மலையில் நான் கட்டிய பனிப் பாதையைப் போன சனிக்கிழமை முதலில் இறங்கிச் சோதித்தது அவள்தான், ஆறு வருஷமாக அவள்தான் சோதிக்கிறாள். பெரிய தாவுமேட்டில் பறந்தவள் இறங்குசரிவு வரைக்கும் வந்து சேரவில்லை, நடுவில் இருக்கும் தட்டை இடத்தின் ஓரத்தில் நின்ற வாக்கில் இறங்கினாள். இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டது, முதுகெலும்பில் ஒன்று விரிசல். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது, மேட்டுக்கு முந்தின வளைவில் அவள் வேகத்தைக் குறைத்திருப்பாள் பாவம் என்றாய். இங்கேயும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நீ பேசியது ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது, நான் மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், உரித்து உரித்து ஒரு கிழங்கைக் கோலிக்குண்டு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கத்தியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

டூவா, அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த மேட்டின் நுனியை நான் வெட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பந்தயக் குழு ஆட்கள் பாதையை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், எல்லாம் சரியாக இருந்தது, பாராட்டக்கூடச் செய்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். அங்கே அன்றைய பயிற்சி ஓட்டத்தில் நாலு பேரும் ஒன்றாகப் புறப்படும் கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பியதையும், மூன்றாவதாக இருந்த நீ அங்குள்ள பெரிய மேட்டில் இரண்டு பேருக்கு மேலே பறந்து முன்னால் இறங்கியதையும், காற்றில் இருந்தபோது முழங்காலைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதையும் மூச்சு வாங்கச் சொன்னாய். பத்து மாதத்துக்குப் பிறகு உன் குரல் பழையபடி இருந்தது. அப்பன் என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்தது முழங்கால் என்ற ஒரு சொல்தான். போன வருஷம் ஆல்ப்ஸில் நீ விழுந்தபோது நான் சோபாவில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன், டிவியில் மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அந்தக் கால் மடங்கிய விதம் கண்ணை மூடினாலும் தெரிகிறது. மூன்று வாரத்தில் நீ இங்கே வந்து என் மேட்டில் தாவப் போகிறாய், இன்னொரு தரம் மடங்கினால் அது நான் கட்டியதாக இருக்கும். இதை நினைத்துக்கொண்டேதான் சனிக்கிழமை காலை, ஆட்களை மலைமேல் ஏற்றும் மின்தூக்கி ஓடத் தொடங்குமுன், அரை வெளிச்சத்தில் பனி வண்டியை அந்த மேட்டுக்கு ஓட்டிப்போனேன். நுனியில் இரண்டு சாண் உயரம் சீவி எடுத்தேன். சீவிய தடம் தெரியாமல் வாரியும் விட்டேன். காற்றில் இருக்கும் நேரம் குறைந்தால் இறங்கும் அடியும் குறையும் என்று கணக்குப் போட்டேன். உயரம் குறைந்தால் தூரமும் குறையும், தூரம் குறைந்தால் சரிவுக்குப் பதிலாகத் தட்டையில்தான் விழுவார்கள், இதை இருபது வருஷமாக நானே புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன். வழக்கமான வேகம் இருந்தால் எப்படியும் தாண்டிவிடுவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அன்று காலை மைனஸ் இருபத்திரண்டு. அந்தக் குளிரில் பனி மணல் மாதிரி ஸ்கீயைப் பிடிக்கும், வேகமே வராது. என் மீசை உறைந்து நின்றது, அதைப் பார்த்துமா தெரியவில்லை எனக்கு? இயற்பியல் வாத்தியார் என்னைத் தூங்கவிட்டார் என்று அவர் மேல் பழி போடலாம்தான், ஆனால் இது படிப்பில்லாததால் வந்த தப்பு இல்லை. தெரிந்தவன் செய்தது.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன், பார்த்தவர்கள் இல்வாவைப் பற்றிக் கேட்டால் தலையை ஆட்டினேன். புதன்கிழமை அம்மா இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வா என்றாள். வாசல்வரை வந்து, நீ அங்கே எதைச் சொல்லணுமோ எனக்குத் தெரியாது ஹோக்கன், சொல்லாம திரும்பி வந்தா மட்டும் எனக்குத் தெரியும் என்றாள். முப்பத்தைந்து வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் செய்வதில் இது ஒரு சங்கடம்.

இல்வா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள், இரண்டு காலும் மூட்டு வரைக்கும் கட்டு. மடியில் ஒரு காகிதம். பந்தயக் குழு அவளிடம் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறது. அவள் எனக்கு வாசித்தே காட்டினாள், மேட்டுக்கு முந்தின வளைவில் நான் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், தவறு என்னுடையது, இனிச் சோதனை ஓட்டத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். எங்கே குறைச்சேன்னுதான் எனக்கு ஞாபகமே வரல ஹோக்கன், வயசாயிடுச்சு போல, முப்பத்திநாலுக்கே இப்படின்னா நீங்கல்லாம் எப்படித்தான் வண்டி ஓட்டறீங்களோ என்று சிரித்தாள். நான் அவளுக்குக் கொண்டுபோன ரொட்டியில் இரண்டை நானே தின்றுவிட்டேன், பயத்தில். பிறகு சொன்னேன்.

“எவ்வளவு?” என்று கேட்டாள்.

“ரெண்டு சாண்.”

“எதுக்கு?”

“டூவா முழங்காலுக்காக.”

“அவ கேட்டாளா உங்கள?”

இல்லை என்றேன். அழுவாள், இல்லாவிட்டால் டப்பாவை என் தலையில் எறிவாள் என்று நினைத்தேன், எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நாலு நாளா என் காலையே நான் திட்டிக்கிட்டு இருந்தேன். அது ஒழுங்காத்தான் வந்திருக்கு.”

அந்தக் காகிதத்தை இரண்டாகக் கிழித்து என் கையில் கொடுத்தாள். பந்தயக் குழுவில ஸ்டூரேகிட்ட போய்ச் சொல்லுங்க, அளவு தப்பிடுச்சு அது இதுன்னு இல்ல, எதுக்காக வெட்டினீங்கங்கறதோட சேர்த்துச் சொல்லுங்க, மேட்டைப் பழைய உயரத்துக்குக் கட்டுங்க, எனக்கு இருந்திருக்க வேண்டிய உயரம் அவளுக்கும் இருக்கட்டும் என்றாள். மன்னிச்சுட்டேன்னு இப்ப சொல்ல மாட்டேன், காலை ஊனி நடந்த பிறகு யோசிக்கறேன் என்றும் சொன்னாள். அது நியாயம்.

உன் பெயர் வராமல் சொல்லிவிடலாமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன், உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். அளக்கிறபோது கை தவறிவிட்டது என்றால் போதும், உன்னை யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அளந்து கையெழுத்துப் போட்டவர்கள் தலையில் விழும், பொய்யும் ஒருவர் காலைத்தான் உடைக்கும். பந்தயத் தலைவன் ஸ்டூரே எனக்கு நாற்பது வருஷச் சினேகிதன், அவன் குழுவின் ஏழு பேரையும் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் கொட்டகையில் உட்காரவைத்திருந்தான், நேற்று மத்தியானம் அவர்கள் முன்னால் முழுக்கச் சொன்னேன். ஸ்டூரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி துடைத்து, ஏண்டா ஹோக்கன், உனக்கு உன் பொண்ணு மேல பயமா, நீ கட்டுன மேட்டு மேல பயமா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். பனி வண்டிச் சாவியைக் கேட்டான், கொடுத்தேன். உன் பொண்ணுக்குத் தெரியுமா என்றான், தெரியாது என்றதும், “அப்ப நீயே சொல்லு, பேப்பர்ல படிக்க விடாதே” என்றான்.

அதைத்தான் இப்போது செய்கிறேன். திங்கட்கிழமை பந்தயக் குழுவின் அறிக்கை வரும், அதில் என் பெயர் இருக்கும், உன் பெயரும் இருக்கும். நீ ஒன்றும் கேட்கவில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதுகிறார்கள். ஆனாலும் புறப்படும் கதவில் உன்னோடு நிற்கிற மூன்று பேரும் உன்னைப் பக்கவாட்டில் ஒரு தரம் பார்ப்பார்கள், அப்பன் மலையைச் சீவிக் கொடுத்த பெண் இவள்தான் என்று. பத்து மாதம் நீ படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கி, வியர்வையிலும் அழுகையிலும் திரும்பக் கட்டிய காலை நான் ஒரு காலை நேரத்தில் நொண்டியாக்கிவிட்டேன். வைத்தியர் நம்பினார், உன் பயிற்சியாளர் நம்பினார், நீ நம்பினாய். நம்பாதவன் நான் ஒருவன்தான், என் கையில்தான் வண்டியும் இருந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் டூவா. பயத்தைப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

மேட்டைத் திரும்பக் கட்டியாகிவிட்டது. இன்று காலை ஸ்டூரே வண்டியில் பனியைத் தள்ளிக் கொண்டுவந்தான், அவன் ஓட்டுகிற அழகுக்கு மலைக்கே தலைசுற்றும், நான் மண்வெட்டியோடு நின்று நுனியைக் கையால் செதுக்கினேன், நாலு மணிநேரம், என் தொப்பையும் நானும். வரைபடத்தில் இருக்கிற உயரம், ஒரு விரல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. பக்கத்து மலையிலிருந்து வந்த பெண் மூன்று தரம் தாவிப் பார்த்தாள், மூன்று தரமும் சரிவின் நடுவில் பஞ்சு மாதிரி இறங்கினாள். முதல் தரம் அவள் மேலே கிளம்பியபோது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. மூடவில்லை.

நீ பந்தயத்துக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. உன் முழங்காலிடம் கேள், பயிற்சியாளரிடம் கேள், என் முகத்துக்காக வரவும் வேண்டாம், என் மேல் இருக்கும் கோபத்துக்காக வராமல் இருக்கவும் வேண்டாம். வந்தால் என்னைப் பாதைப் பக்கம் பார்க்க மாட்டாய். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வண்டிகளுக்குக் கைகாட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து அந்த மேடு தெரியாது, காடு மறைக்கும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வது மட்டும் கேட்கும். ஸ்டூரே தெரிந்துதான் அந்த இடத்தைக் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதுதான் சரியான இடம். நீ தாவும்போது நான் பார்க்காமலே, தடுக்க முடியாமலே நிற்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. இல்வாவுக்கு மறக்காமல் நாலு வரி எழுது, என் சார்பில் மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, அவள் வேகத்தைக் குறைக்கவில்லை என்று உனக்குத் தெரியும் என்று மட்டும் எழுது. அம்மா ஆசி சொல்லச் சொன்னாள். கடவுள் உன்னோடு இருக்கட்டும், உன் கால் உன் பேச்சை மட்டும் கேட்கட்டும், என் பேச்சை வேண்டாம்.

உன் அப்பா,
ஹோக்கன்