முகத்தை மட்டும் காட்டினால் போதாது

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். நீ நலம் என்று சொல்வதைத்தான் இந்த முறை நம்ப முடியவில்லை.

ஞாயிறன்று எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர், "சும்மாதான், போய்ட்டு வா" என்று ஒரு ராக் இசை நாடக டிக்கெட்டைக் கையில் திணித்தார். சிரிக்கவே தெரியாத மனிதர் சும்மா கொடுப்பாரா? வேலையைவிட்டுத் தூக்கப்போகிறாரோ என்ற பயத்தோடு, ஐம்பது பேர் கொள்ளும் அந்தச் சின்ன அரங்கில் வாசலோரமாக உட்கார்ந்தேன். திரை விலகினால், டிரம்ஸ் அடிப்பதே அவர்தான்! அரங்கை நிரப்ப ஆள் சேர்த்திருக்கிறார்.

நாடகத்தில் ஒருத்தி, கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, போனில் தன் அம்மாவிடம், "நான் நல்லாதாம்மா இருக்கேன்" என்று கிடார் அலற அலறப் பாடினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதமாக வீடியோவில் நீ முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய். எழுந்து நடக்கச் சொன்னால் உடனே சிக்னல் போய்விடுகிறது. போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் போர்வை ஒன்றைத் துவைக்காமல், உன் வாசனையோடு அனுப்பி வை. துவைத்த துணி இங்கே மலைமலையாகக் கிடக்கிறது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. எழுத்து ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று நீயும் சந்தேகப்படுவாய். முதலில் நீ எழுந்து நடந்து காட்டு. அப்புறம் நான் என் வலது கையைக் காட்டுகிறேன்.

உன் மகன்