பிரேக்கை அடுத்தவன்தான் முடுக்க வேண்டும்

என் உயிர் மாப்பிள்ளை அன்வருக்கு, உன் மாமன் செங்கோடன் கரட்டு அடிவாரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு எழுதுவது.

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன், சொன்னேனா இல்லையா? நீ போனால் நம் சைக்கிள் செட்டு உடையும் என்றேன், உடைந்தது. மேட்டூர்க்காரன் ஒரு நாள் கையும் களவுமாகச் சிக்குவான் என்றேன், சிக்கினான். பிடித்தவனும் நானேதான். பிறகு எல்லோரும் மறுபடி ஒன்று சேர்வோம் என்றும் சொல்லியிருந்தேன். நான் அதைச் சொன்னதாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்கிறான் நம் செட்டு ராமசாமி. தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டிச் சத்தத்தில் அவன் காது போய்விட்டது, மாப்பிள்ளை. அவன் சாட்சி செல்லாது.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. உன் வருட நினைவுக்கு மல்லசமுத்திரம் சந்தையில் கொடுக்க நோட்டீசாக அடிக்கப்போகிறோம். எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எட்டாம் வகுப்போடு நான் நின்றதே, இதற்கு மேல் சொல்லித்தர எங்களிடம் சரக்கில்லை என்று வாத்தியார்கள் கும்பிட்டதால்தானே! அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பாறையும் முள்ளுமாக நிற்கிற நம் கரட்டின் உச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவோம். பிறகு ஆட்டுத் தடத்தில் ஓட்டிக்கொண்டே கீழே குச்சிக்கிழங்குக் காடு வரைக்கும் இறங்குவோம். மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரும் கிறுக்கர்கள் என்று ஊர் பேசியது. பேசட்டும். எமர்ஜென்சி காலத்தில் ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அந்த உச்சியில் நின்று வாய்விட்டுக் கத்தியவர்கள் நாம். ஒருமுறை என்னைச் சிறுத்தை துரத்தியது. நீ அதை நாய் என்பாய். நீ பின்னால் வந்தவன், உனக்கென்ன தெரியும்?

நம் செட்டுக்கு ஒரே ஒரு சட்டம். உச்சியில் நின்று பிரேக்கைச் சரிபார்க்கும்போது தன் வண்டியைத் தான் தொடக்கூடாது. அடுத்தவன்தான் ஸ்பேனரை வாங்கி முடுக்க வேண்டும். தன் வண்டி என்றால் ‘போதும் போதும்’ என்று விட்டுவிடுவான். அடுத்தவன் உயிர் என்றால் பயந்து பார்ப்பான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான். நீ கொண்டுவந்ததாக ராமசாமி சொல்லித் திரிகிறான்.

என் பிரேக்கை நீ முடுக்குவாய், உன் பிரேக்கை நான். ராமசாமிக்குத்தான் ஜோடி இல்லாமல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான், பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து இறங்கினான். எருமைக் கொம்பு மாதிரி ஹேண்டில்பார். சலவைச் சட்டை.

“ஏனுங்க, கரட்டு செட்டுங்கறது நீங்கதானுங்களா?”

“ஆரு சொன்னா?” என்றேன்.

“டீக்கடைல சொன்னாங்க. பேரு சுந்தரமுங்க. மேட்டூர் கம்பெனில வேலை. நானும் ஒருக்கா கூட எறங்கிப் பாக்கலாமுங்களா?”

“ஏன், மேட்டூர்ல மலைக்குப் பஞ்சமா? அணையச் சுத்தி அத்தனை நிக்குதே!”

“மலை இருக்குதுங்க. கூட எறங்க ஆளில்லீங்க.”

நான் உன்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். “மாப்ள, கூட எறங்க ஆளில்லைன்னு ஒருத்தன் மேட்டூர்ல இருந்து பஸ் ஏறி வாரானாம். நம்பறியா?”

“உன்னையே நம்பிட்டு இருக்கறேன் மாமா. இவர நம்பறதுக்கு என்ன வந்துச்சு?” என்றாய். அவனை ராமசாமிக்கு ஜோடியாக்கிவிட்டாய்.

அன்றைக்கே எனக்கு உறுத்தியது. பக்கத்துக் கரட்டில் அப்போதுதான் குவாரிக்காரர்கள் வெடி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்தது நம் கரடு என்று பேச்சு. இவன் என்னடாவென்றால் ஏறும்போதெல்லாம் குனிந்து குனிந்து கல்லை எடுக்கிறான். திருப்பிப் பார்க்கிறான். கொண்டுபோய் எங்கோ வைக்கிறான். கல்லில் என்ன ஆராய்ச்சி? குவாரிக்காரன் அனுப்பிய ஆள் என்று நான் முடிவுகட்டியதில் என்ன தப்பு? நீயே சொல்.

இன்னொன்றும் இருந்தது. நீயும் அவனும் குசுகுசுவென்று பேசுவீர்கள், நான் பக்கத்தில் வந்தால் நிறுத்துவீர்கள். “என்ன மாப்ள ரகசியம்?” என்றால், “மேட்டூர் மீன் ருசி பத்திப் பேசிட்டு இருந்தோம் மாமா” என்பாய். மீனைப் பற்றி எவனாவது குசுகுசுவென்று பேசுவானா? அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அரும்பு மீசையில் தொடங்கிய சகவாசம் நம்முடையது. நேற்று வந்தவனிடம் நீ என்னத்தைச் சொல்கிறாய், என்னிடம் சொல்லாமல்?

பிறகு உனக்குச் சர்க்கரை முற்றி, கால் புண் ஆறாமல், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். வரவில்லை. உன் மய்யத்துக் கட்டிலைத் தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். பள்ளிவாசல் சுவரோரம் அந்த மேட்டூர்க்காரன் நின்றான். என்னைவிட அதிகமாக அழுதான். பழகிய கொஞ்ச நாளுக்கு அவ்வளவு அழுகை எதற்கு? துக்கத்திலும் எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

அப்புறம் ராமசாமி ரிக்கோடு ஆந்திராப் பக்கம் போய்விட்டான். கரட்டு உச்சியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர், நானும் அந்தச் சுந்தரமும். அவன் ஸ்பேனருக்காகக் கையை நீட்டினான். நீ முடுக்கிய பிரேக்கை அவன் கையில் கொடுப்பதா? “முட்டி வலிக்குது, இன்னைக்கு எறங்கல” என்றேன். அடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு நான் போகவே இல்லை. உச்சியில் நின்று அவன் கொஞ்ச நேரம் பார்த்திருப்பான் போல. சட்டப்படி ஒற்றை ஆள் இறங்க முடியாதே. செட்டு அத்தோடு முடிந்தது. அரை ஆயுள் கட்டிக் காத்ததை என் முட்டி வலி உடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஆனால் ஒன்றைக் கேள். அவன் நிறுத்தவில்லை. சைக்கிள் இல்லாமல் வெறும் ஆளாகக் கரட்டில் ஏறுகிறான் என்று ஆடு மேய்க்கிறவர்கள் வந்து சொன்னார்கள். இனிச் சும்மா இருப்பேனா? ஒரு காலை நேரம், தடத்துப் பக்கத்தில் உண்ணிப் புதருக்குள் பதுங்கினேன். ஒரு நல்லபாம்பு என் பாதத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நான் இமைக்கவில்லை. அவன் வந்தான், குனிந்தான், தடத்தின் நடுவில் கிடந்த கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தான். மறுபடி குனிந்தான். பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

“சிக்குனியா! எந்தக் குவாரிக்காரன்டா உன்னய அனுப்புனான்?”

அவன் பயந்ததில் கல்லைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். “குவாரியா? என்னங்க சொல்றீங்க? தடத்துல கெடக்கற கல்லப் பொறுக்கிட்டு இருக்கறனுங்க.”

“எதுக்கு?”

அடிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே பாறைமேல் உட்கார்ந்தான். பிறகுதான் சொன்னான். “அன்வர் பாய்க்கு ஒரு கண்ணு சுத்தமாப் போயிருச்சுங்க. இன்னொன்னும் மங்கல். கல்லு கெடந்தாத் தெரியாதுங்க. அதான் நான் முன்னாலயே வந்து பொறுக்கிருவேன்.”

எனக்குக் கரடே சுற்றியது, மாப்பிள்ளை. “என்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்ககிட்டச் சொன்னாப் பொழுது சாயறதுக்குள்ள சந்தை பூராத் தெரியுமுன்னாருங்க. அதுவும், ரெண்டு கண்ணும் போயிருச்சுன்னு தெரியுமாம். அப்புறம் ஊட்டுல எறங்க உட மாட்டாங்கன்னு பயந்தாருங்க.”

நீ எப்போதும் என் பின்னால்தான் இறங்குவாய். பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொன்னேன். “இந்த மஞ்சச் சட்டை உனக்கு எடுப்பா இருக்குது மாமா, ஞாயித்துக்கெழமை இதயே போடு” என்பாயே, என் அழகைப் புகழ்கிறாய் என்றல்லவா நினைத்தேன்? அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினாயாம்.

“செரி, அவன் போயாச்சு. இப்ப ஆருக்குக் கல்லு பொறுக்கற?”

“கோவிச்சுக்காதீங்க. அந்தச் செங்குத்துப் பாறைல நீங்க கண்ண மூடிட்டுத்தானுங்களே எறங்கறீங்க. சின்ன வயசுலயே பாய் பாத்துட்டாராம், அவருதான் சொன்னாரு. நீங்க என்னைக்காச்சும் திரும்ப வந்தா, கல்லு கெடக்கக் கூடாதில்லீங்களா?”

யோசித்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவனைப் பார்த்துக்கொண்டே, கண் தெரியாதவன் இத்தனை நாள் இறங்கியிருக்கிறான்! அல்லா காப்பாற்றினாரா, அர்த்தநாரீஸ்வரர் காப்பாற்றினாரா, இந்த மேட்டூர்க்காரன் காப்பாற்றினானா? அந்தப் பாறையில் கண்ணை மூடுவது ஒருவிதத் தியானம் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். “ஆமாங்க” என்று பவ்யமாகக் கேட்டுக்கொண்டான். இத்தனை நாளும் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, பார். சந்தையில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் நான் தலைகாட்டியிருக்க முடியுமா?

ராமசாமி ஊருக்கு வந்ததும் மூவரும் உச்சியில் கூடினோம். “என்னண்ணா, முட்டி தேவலையா?” என்று அவன் நக்கலடித்தான். இவ்வளவு நாள் குவாரி ஆள், குவாரி ஆள் என்று ஊரெல்லாம் முழங்கிவிட்டு, “வாப்பா, என் பிரேக்கை முடுக்கு” என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? அப்போதுதான், நீ ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர்களிடம் சொன்னேன். “மாமா, எனக்கப்புறம் உன்ற பிரேக்கைச் சுந்தரந்தான் முடுக்கோணும். இது என்ற ஆசை.”

சுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராமசாமி வாயை மூடிக்கொண்டான். இறந்தவன் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு உண்டா? நான் ஸ்பேனரை நீட்டினேன். அவன் மண்டியிட்டு, முன் பிரேக், பின் பிரேக், கட்டை, கம்பி என்று தடவித் தடவிப் பார்த்தான். சந்தேகத்தோடுதான் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்? மேட்டூரில் மலை இருக்கும்போது இங்கே வருகிறவனை எவன் முழுசாக நம்புவான்? ஆனாலும் இறங்கினேன். பிரேக் பிடித்தது.

இப்போது ராமசாமி ஊரில் இருந்தால் மூன்று பேர், இல்லாவிட்டால் இரண்டு. எப்படியும் ஞாயிறு தவறுவதில்லை.

மாப்பிள்ளை, உனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நோட்டீசில் படித்து அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் நீ அப்படி எதுவுமே சொல்லவில்லை. “ஃபேனக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு மாமா, குளுருது” என்றாய். அவ்வளவுதான். நான் குறைக்கச் சொல்லிவிட்டு வருவதற்குள் தூங்கிப்போனாய். மற்றதெல்லாம் நான் உன் வாயில் வைத்தது. நீ உயிரோடு இருந்தால் சொல்லியிருக்க மாட்டாயா என்ன?

உன்னிடம் மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: இனி சுந்தரம் கையை நீட்டும்வரை காத்திருக்க மாட்டேன், ஸ்பேனரை நானே கொடுப்பேன்.

கண் தெரியாமலே நீ பின்தொடர்ந்த
உன் மாமன் செங்கோடன்