நடுக்கதவும் ஈரச் சுவரும்

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். "பக்கத்து வீட்டுக்குக் கடிதமா? போய்க் கதவத் தட்டினா கை தேஞ்சிடுமா?" என்கிறாள், அதையும் எழுதிவிட்டாள்.

வீட்டுக்குள் வந்த மழைத்தண்ணீர் வடிந்தும் நம் நடுச்சுவரில் ஈரம் போகவில்லை. நனைந்த மெத்தையை வெளியே போட்டேன், மின்விசிறியை ஓடவிட்டேன். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "காத்து குறுக்க ஓடணும் பெரியவரே. இல்லன்னா ரெண்டு வீட்லயும் பூஞ்சைதான்" என்றார்.

ஐந்து வயதில் ஈரப் போர்வையில் தூங்கி உனக்கு முதல் மூச்சிழுப்பு வந்தது எனக்கு மறக்கவில்லை. நேற்றிலிருந்து உன் இருமல் இந்தப் பக்கம் கேட்கிறது.

பாகம் பிரித்த அன்று நடுக்கதவை மறைத்து நான் வைத்த பீரோவை நகர்த்திவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது கிடக்கட்டும். என் பக்கத்துத் தாழ்ப்பாளை எடுத்தாயிற்று. தள்ளிப் பார்த்தேன், திறக்கவில்லை.

உன் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உன் அண்ணன்