கழிவெடுக்கும் பை

வைகாசி 12, திங்கள்
விடியவே புழுக்கம். இன்று தொடக்கம். லண்டன் மச்சான் அனுப்பிய டிடொக்ஸ் முறை. ஒரு கிழமைக்குச் சோறு, மா, சீனி, இறைச்சி எதுவும் இல்லை. மூன்று நேரமும் வல்லாரை, வெள்ளரிக்காய், இஞ்சி, தேசிக்காய் அடித்த சாறு. உடம்பில் சேர்ந்த கழிவெல்லாம் போய்விடுமாம். வயிறு மரக்கறிக்கடை மேசையில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. செய்துதான் பார்ப்போம்.

சாறு புல்லுத் தின்ற மாதிரி. மனைவி சுகந்திக்குச் சிரிப்பு. "இதுக்கு மாட்டோட போய் வயலில நிண்டிருக்கலாம்."

கடைக்கு வந்த எல்லோருக்கும் சொன்னேன். சொல்லிவிட்டால் இடையில் விட முடியாது அல்லவா.

வைகாசி 13, செவ்வாய்
தலையிடி. சரக்கெடுக்கக் கிளிநொச்சி. சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம். ஆட்டிறைச்சிக் கொத்து, மேலே முட்டை. சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டேன்.

பின்னேரம் தர்மபுரம் திரும்பி என் கடையில் இருக்க, வாத்தியார்: "முதலாளி, முகம் தெளிஞ்சு கிடக்கு. வேலை செய்யுது போல!"

"ஓம் சேர், உடம்பு லேசாக் கிடக்கு."

நாக்குக் கூசவில்லை.

வைகாசி 14, புதன்
ஆட்கள் விசாரித்து வருகிறார்கள். வெள்ளரிக்காயும் தேங்கிக் கிடக்கிறது. சாம்பாருக்கு மரக்கறி கலந்து பை கட்டுவதுபோல இதற்கும் கட்டினேன். வல்லாரை கொஞ்சம் வாடல், அதை நடுவில் வைத்தேன். வெளியே மார்க்கரால் ‘கழிவெடுக்கும் பை’. மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

பரமேஸ் அக்காவும் வாங்கினா. பின் தெருவில் தனியே இருக்கிறவா.

"தம்பி, எனக்குச் சீனி வருத்தம். குடிக்கலாமே?"

"சீனிக்கு நல்லம் அக்கா. இனிப்பே இல்லாத சாமான்."

"அப்ப குளிசை?"

"அது கிளினிக்கில தந்தது, விடாதேங்கோ."

கெட்டித்தனமான பதில் என்று அப்போது ஒரு திருப்தி. நான் மரக்கறி விற்கிறவன்.

இரவு புட்டு, மீன் குழம்பு. சுகந்தி எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். வெளியே ஆட்கள் போகிறார்கள் என்றாள்.

வைகாசி 17, சனி
மழை இருட்டு, மழை இல்லை.

பரமேஸ் அக்கா காலையில் குழாயடியில் விழுந்துவிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். வேர்வை, கதை குழறல். இரத்தத்தில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது. வயிற்றில் சோறில்லை, குளிசை மட்டும் தவறாமல் போயிருக்கிறது. நான் சொன்னபடி.

மிச்சப் பைகளை அவிழ்த்துக் கொட்டினேன். ஒருவர் கேட்டார்: "என்ன முதலாளி, முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

காரணம் சொல்லவில்லை.

வைகாசி 18, ஞாயிறு
ஆஸ்பத்திரி. தோடம்பழம், பிஸ்கட். அக்காவுக்குச் சேலைன் ஏறுகிறது, கதை தெளிவு. நான் வாய் திறக்க முதல் அவாவே, மெதுவாக:

"பயப்பிடாதேங்கோ தம்பி. டொக்டர் கேட்டவர், விரதமெண்டு சொல்லிப்போட்டன். உங்கட கடைப் பேர் எடுக்கேல்லை."

தோடம்பழப் பையைக் கட்டிலருகில் வைத்தேன்.

"இந்த வருத்தம் வர முன்னம் சஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணியுமா இருந்தவள் நான். இப்ப இதில விழுந்திட்டன். வெக்கமாக் கிடக்கு. நீங்கள் சாறோட இருந்து காட்டிப்போட்டியள். வீட்டை போய்த் திரும்பத் தொடங்குவன். காப்புக் கட்டின மாதிரித்தானே, இடையில விடக்கூடாது."

"வேண்டாம் அக்கா."

"ஏன், உங்களுக்குச் சரிவந்தது தானே?"

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி. வெளியே வந்துவிட்டேன். மணி ஒரு சாட்டு.

வைகாசி 19, திங்கள்
நித்திரை இல்லை. இன்று அக்காவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். அதற்கு முன் போனேன். முதலில் தாதியிடம்: விரதமில்லை மிஸ், நான் விற்ற சாறு.

மேலும் கீழும் பார்த்தா. "சீனிக் குளிசை போடுறவை நேரத்துக்குச் சாப்பிட வேணும் அண்ணை. சாப்பாட்டை மாத்திறதெண்டால் முதல் கிளினிக்கில கேட்க வேணும், குளிசையைக் கூட்டிறதோ குறைக்கிறதோ டொக்டர்தான் சொல்லுவார். பிரஷர், சிறுநீரக வருத்தக்காரரும் அப்பிடித்தான். கழிவெடுக்கவோ? ஈரலும் சிறுநீரகமும் பின்னை என்ன லீவில நிக்குதோ? வேற ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"கன பேருக்கு."

"அப்ப இஞ்ச நிண்டு என்ன செய்யிறியள்?"

பிறகு அக்காவின் கட்டில்.

"அக்கா, நான் இருக்கேல்லை."

"என்ன இருக்கேல்லை?"

"அடுத்த நாளே கிளிநொச்சியில கொத்து சாப்பிட்டனான். பிறகு வீட்டில புட்டு. முதல் நாளைக்குப் பிறகு ஒழுங்கா இருக்கேல்லை."

பக்கத்துக் கட்டில் மனிசி சிரித்துவிட்டா. அக்கா சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்தா, விரித்தா.

"அப்ப நான் டொக்டருக்கு ஏன் தம்பி பொய் சொன்னனான்?"

வைகாசி 20, செவ்வாய்
கடை பூட்டு. பை வாங்கியவர்கள் வீடு வீடாக. தாதி சொன்னதைச் சொன்னேன். ஒவ்வொரு படலையிலும் அதே கேள்வி: "நீங்கள் குடிச்சனீங்கள் தானே?" ஒவ்வொரு படலையிலும் கொத்துக் கதை. வாத்தியார் வீட்டில் பிள்ளைகள் முன்னால்.

பரமேஸ் அக்கா வீடு கடைசி. குசினிப் புகை. படலையைத் தட்டினேன்.

"ஆரது?"

"நான்தான் அக்கா."

கோப்பையில் கரண்டி படுகிற ஒலி.

"சாப்பிடுறன். போயிட்டு வாங்கோ."