கிட்ரிட்ஜிலும் ஓடிலியாவிலும் பார்த்தது

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும், போன வாரம் பிறந்த கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். வயோமிங் பள்ளி விடுதிக் குளிரில் நீயும் உன் இடது கணுக்காலும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கணுக்காலில் துணிப்பட்டி சுற்றாமல் ஆட்டத்துக்கு இறங்காதே, வலி இல்லை என்று நீ சொன்னால் வலி இருக்கிறது என்றுதான் எனக்கு அர்த்தம். வடக்கு வயலில் பனி இன்னும் கிடக்கிறது. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், "அம்மா, கவுன்ட்டி கூட்டத்துக்குப் போய் செய்தி எழுதுவியே, அந்த மாதிரி அணிக்கு என்னைக் கூப்பிடுற ரெண்டு காலேஜையும் பார்த்துட்டு எழுது, உன் அபிப்ராயம் ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்று. சரி, அப்படியே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அப்பா இன்னொரு பக்கம் காதை வைத்துக் கேட்பார், அதனால்தான் கடிதம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாகப் பத்திரிகை வேலையில் இருக்கிறேன், பாலம் கட்டாமலே பாலத்துக்குத் திறப்பு விழா நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், இந்த வாரம் பார்த்ததைப்போல எதுவும் என்னைத் தூக்கிவாரிப் போட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை கிட்ரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கோச் டாப்னி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார், நல்ல மனிதர், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பெண்கள் கூடைப்பந்துக்கென்றே தனிக் கட்டடம், பிரிட்டா. நம் ஊர்த் தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் அதற்குள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் வண்டியும் நிறுத்தலாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி அலமாரி, கதவில் அவள் பெயர் விளக்காக எரிகிறது. கால் ஊற ஒரு வெந்நீர்த் தொட்டி, அதன் பக்கத்திலேயே ஐஸ் தொட்டி. சமையல்காரர் ஒருவர், அவர் பின்னாலே சத்து பார்த்துச் சொல்ல ஒருவர். வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விமானம். உன் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் நாங்கள் ஒரு சென்ட் தர வேண்டாம், கைச்செலவுக்கும் அவர்களே தருவார்கள். ஆண்கள் அணிக்கு நிகராக எங்கள் பெண்களுக்குச் செலவு செய்கிறோம், அணியில் இருபத்தெட்டுப் பெண்கள், நுழைந்த ஒவ்வொருத்தியும் பட்டம் வாங்கித்தான் வெளியே போகிறாள் என்றார் டாப்னி. நான் கல்லூரியில் படித்தபோது பெண்கள் அணிக்கு ஆண்கள் போட்டுக் கழித்த சட்டை கிடைத்தது, பின்பக்கம் பழைய எண்ணைப் பிரித்த தையல் துளைகள் தெரியும். அதனால் அந்த விளக்கெரியும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன் என்பதை மறைக்கவில்லை. இந்த வரி செய்தியில் வராது, உனக்கு மட்டும்.

பிறகு பயிற்சி பார்க்க மாடியில் உட்கார வைத்தார்கள். தளத்தில் பெண்கள் பதினைந்து பேர். அவர்களுக்கு எதிரணியாகப் பையன்கள் ஒரு கூட்டம், தாடி வைத்தவன் ஒருவன், ஆறரை அடி இருப்பான். அதில் தப்பில்லை, பெரிய அணிகளில் பையன்களை எதிரே நிறுத்தித்தான் பயிற்சி செய்வார்கள், அது உனக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த உதவிக் கோச் பெண்ணிடம், மீதிப் பெண்கள் எங்கே, வகுப்பிலா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "எல்லாரும் உங்க கண்ணு முன்னாடிதான இருக்காங்க மேடம். அந்தத் தாடிக்காரன் இருக்கானே, அவனும் எங்க பொண்ணுதான்." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன். "நெசமாத்தாங்க. ஆண்களுக்கு நிகரா பெண்களுக்கும் இடம் குடுத்தோம்னு அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டணும்ல. பெண்கள் அணியோட பயிற்சிக்கு வர்ற பையனைப் பெண்கள் கணக்குல சேர்த்துக்கலாம்னு அரசாங்க விதியே இடம் குடுக்குது. எல்லா எடத்துலயும் இப்படித்தான்." அவள் குரலில் வெட்கமும் இல்லை, ஒளிவும் இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். கீழே பார்த்துக் கத்தினாள், "டே ட்ரென்ட், போன வருஷம் வளையத்துல பட்டுத் திரும்புற பந்தைப் பிடிக்கிறதுல நீதானடா எங்க நல்ல பொண்ணு?" அவன் பாவாடையைப் பிடிப்பது போலக் கையை வைத்து முழங்காலை மடக்கி வணங்கினான். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பதின்மூன்று பையன்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன், என் வேலையில் அது அபூர்வம்.

அதோடு முடிந்திருந்தால் ஊருக்கு வந்து காபிக் கடையில் சொல்லிச் சிரித்திருப்பேன். மதியச் சாப்பாட்டில் பெண்களோடு உட்கார வைத்தார்கள். கலகலப்பான பிள்ளைகள், உன்னைப் பற்றி நிறையக் கேட்டார்கள், மூன்று புள்ளித் தூரத்திலிருந்து நீ போட்டதை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறார்கள். வழக்கமான கேள்வி, என்ன படிக்கிறாய் என்று முதல் பெண்ணைக் கேட்டேன். எந்தத் துறையிலும் சேராத பொதுப் படிப்பு என்றாள். அடுத்தவளும் பொதுப் படிப்பு. மூன்றாவதும் அதையே சொன்னபோது கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். மேஜையைச் சுற்றி வந்தேன் பிரிட்டா, ஒருத்தி பாக்கியில்லை. ஜோஸ்லின் என்று ஒருத்தி, கடைசி வருடம், உன் இடத்தில் ஆடுகிறவள், அவள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினாள். "நான் நர்சிங் படிக்கத்தான் மேடம் வந்தேன். ஆஸ்பத்திரி வகுப்பும் காலையில, பயிற்சியும் காலையில. மொத மாசமே ஆலோசகர் கூப்பிட்டு, கெமிஸ்ட்ரியை அப்புறம் பார்த்துக்கலாம், இப்ப கொஞ்சம் மூச்சு விடுன்னாங்க. அந்த அப்புறம் வரவே இல்ல." அவர்களின் நூற்றுக்கு நூறு பட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. டாப்னி பொய் சொல்லவில்லை. நுழைகிற எல்லோரையும் ஒரே கதவு வழியாக வெளியே அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். நீயேன் வேறு இடத்துக்குப் போகவில்லை என்று அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எங்கம்மா மோட்டல்ல ரூம் கழுவுறாங்க. நான் ஒரு சென்ட் கடனில்லாம வெளிய போறேன், எங்க வீட்டுல மொத பட்டம் என்னோடது. நீங்களே சொல்லுங்க மேடம், நான் தோத்துட்டேனா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்று கேட்டாள்.

கிளம்புமுன் டாப்னியை நேராகக் கேட்டேன், என் மகள் கால்நடை மருத்துவத்துக்குப் போக வேண்டியவள், அதற்கான அறிவியல் பாடங்களை இங்கே ஆடிக்கொண்டே படிக்க முடியுமா என்று. அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "உங்ககிட்ட மறைக்க மாட்டேன் லோர்னா. முடியாது. ஒருத்தி முயற்சி பண்ணினா, கிறிஸ்துமஸுக்குள்ள அணியை விட்டுப் போயிட்டா. பிரிட்டாவுக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல படிக்கக் காலம் கிடக்கு, ஆடத்தான் காலம் இல்ல" என்றார். அதுவும் யோசிக்க வேண்டிய பேச்சுதான் என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஓடிலியா கல்லூரி. அங்கே எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதுவேன் என நினைக்காதே. பயிற்சிக் கூடத்தில் இடது மூலையில் ஒரு பலகை செத்துக் கிடக்கிறது, பந்து விழுந்தால் எழும்பாது, சொந்த ஊர் ஆட்டங்களில் எதிரணியை அந்த மூலைக்குத் தள்ளுவதுதான் அவர்கள் தந்திரமாம். கோச் ரூத் ஓய்லர் பேருந்தையும் தானே ஓட்டுகிறார். வெளியூர் போனால் கையில் சாண்ட்விச். விளையாட்டுக்காக உதவித்தொகை தர அவர்கள் ஆடும் சிறிய கல்லூரிகள் பிரிவில் விதியே இடம் தராது, மதிப்பெண்ணுக்காகத்தான் தருவார்கள், உனக்குக் கிடைக்கும், ஆனால் பாதிக்குமேல் தேறாது, மீதிக்குக் கடன்தான். நான் போனபோது தளத்தில் ஆறே பெண்கள், ஏழாவதாக விசிலை வாயில் கவ்விக்கொண்டு ரூத்தே தடுத்து ஆடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது, இங்கே யாரைப் பெண் என்று காட்டுவார்களோ என்று. "வியாழக்கிழமை லேப்" என்றார் ரூத், அதற்குமேல் விளக்கம் இல்லை. பாதியில் கதவு திறந்து ஒருத்தி ஓடி வந்தாள், மூக்குமேல் பாதுகாப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது, ஆய்வகத்து நாற்றம் மாடி வரை அடித்தது. "கண்ணாடியைக் கழட்டுடி, பந்து அடிச்சு உடைஞ்சா வேதியியல்காரர் என்னைத்தான் திட்டுவாரு" என்றார் ரூத். அவ்வளவுதான் கண்டிப்பு. அவர்கள் போன பருவத்தில் நான்கு ஆட்டம்தான் ஜெயித்தார்கள். நான்கு, பிரிட்டா. தோற்றால் இரண்டு நாள் சாப்பிடாதவள் நீ. அந்தக் கண்ணாடிக்காரியிடம் தோல்வி பழகிவிடுமா என்று கேட்டேன். "பழகவே பழகாது. பஸ்ல அழுவோம், அப்புறம் அதே பஸ்லதான் பரீட்சைக்குப் படிப்போம். கோச் முன்னாடி இருந்து, சத்தம் போட்டு அழாதீங்கடி ரோடு தெரியலம்பாங்க" என்றாள்.

இனி நம் வீட்டுக் கதை. நான் கிட்ரிட்ஜ் போவதற்கு முன்னாலேயே கூட்டுறவுத் தானியக் கிடங்குக்காரர் டேல், நம் நெல்சன் வீட்டு மகள் எந்தப் பக்கம் போவாள் என்று தனக்குத் தெரியாதா என்று, நெடுஞ்சாலையைப் பார்த்த பெரிய பலகையில் வாழ்த்துகள் பிரிட்டா, கிட்ரிட்ஜ் என்று எழுத்து மாட்டிவிட்டார். சோள விலை அதற்குக் கீழே. இந்த ஊரில் அந்தப் பலகையில் வந்துவிட்டால் நடந்து முடிந்தது என்றுதான் கணக்கு. தேவாலயத்துப் பெண்கள் கிட்ரிட்ஜ் நிறத்தில் உனக்குப் போர்வை தைக்கத் துணி வெட்டிவிட்டார்கள். அப்பா அவர்கள் சட்டையையே வாங்கி மாட்டுத் தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறார். நான் வியாழன் மாலை வந்து, சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் நடந்தபடியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர் உருளைக்கிழங்கு கேசரோலைக் கிண்டிக்கொண்டே இருந்தார். கடன் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் அதிலும் நியாயம் உண்டு. கடைசியில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "தாடி வெச்சவனைப் பொண்ணுன்னு எழுதிக்கிறவன், டாக்டராகப் போற பொண்ணை என்னன்னு எழுதுவான் லோர்னா?" என்றார். உனக்குப் பதின்மூன்று வயதில், மாட்டு டாக்டர் வர வழியில்லாத பனிப்புயலில் பசுவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்தாயே, அதை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இன்று காலை டேல் போனில் கத்தினார். "லோர்னா, உன் புருஷன் ஏணியைத் தூக்கிட்டு வந்து என் பலகைமேல ஏறிட்டான், கீழ ஐஸ் கிடக்கு, இடுப்பு ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல!" நான் வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்குள் அப்பா இறங்கிவிட்டார், கையில் கிட்ரிட்ஜின் எழுத்துகள் விறகுபோல அடுக்கி இருந்தன. அப்போ அந்த எடத்துல என்னத்தைய்யா மாட்டறது என்று டேல் கேட்டார். "அவ சொல்லுவா. அதுவரைக்கும் கையை ஜேபியில வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் அப்பா. அதனால் பலகையில் இப்போது வாழ்த்துகள் பிரிட்டா என்று மட்டும் இருக்கிறது, கீழே ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே சோள விலை. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உனக்குக் குழந்தை பிறந்திருக்கிறதா என்று இருவர் என்னிடமே கேட்டுவிட்டார்கள்.

அபிப்ராயம் வேண்டாம் என்றாய், நான் எழுதவில்லை. அப்பாவின் ஏணியை அபிப்ராயமாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும். எங்கே போனாலும் உனக்கு நல்ல முழங்காலும் நல்ல தோழிகளும் அமைய வேண்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கோச்சுகளிடமும் நீயே பேசு, யாரிடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறாயோ அவரிடம் முதலில் பேசு, அதுதான் மரியாதை. பிறகு வீட்டுக்குப் போன் செய், எந்த நேரமானாலும் சரி. டேல் எழுத்துப் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

கணுக்காலுக்குத் துணிப்பட்டி, மறக்காதே.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
லோர்னா நெல்சன்