கடைசியாகப் படிக்கும் தீர்ப்பு

தோழிக்கு,

இன்று காலை லண்டன் ஹரோவிலுள்ள நம் அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கியபோது, ஒரு சாட்சியப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. உம்முடைய மட்டன் ரோல்ஸ்தான், வேறென்ன? கொலை வழக்கை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட உம்மால்தான் முடியும். சிரித்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கரிபியன் தீவொன்றில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு அது. அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்துவிட்டது. எஞ்சியிருந்த ஒரே வாசல், பழைய பிரிட்டிஷ் காலனிகளின் மேன்முறையீடுகளைக் கேட்க லண்டனில் கூடும் இறுதி நீதிமன்றம். வக்கீல்களான நாமிருவரும் விசா வழக்குகளோடு மல்லுக்கட்டியதுபோக, இலவசமாக எடுத்துக்கொண்ட வழக்கு.

உமக்கொரு பழக்கம். தீர்ப்பைத் தனியே எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுவீர். சாட்சியம் முழுவதையும் படித்து, உம்முடைய முடிவை எழுதிய பிறகுதான் பிரிப்பீர். நானோ நேரே தீர்ப்புக்குப் போகிறவன். "விடையைப் பாத்திட்டுக் கணக்குச் செய்யிற ஆள் நீர்" என்று கேலி செய்வீர்.

அந்த வழக்கிலும் அப்படித்தான். தீர்ப்பு அவ்வளவு தெளிவு, படித்ததும் மயங்கிவிட்டேன். மேன்முறையீட்டுக்கு இடமில்லை என்று அந்த மனிதருக்கே கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உமக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் காலை லண்டனின் மறுபக்கம், உம் வீடிருந்த எட்மண்டனிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றீர்.

"கடிதம் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"சிறை டொக்டர் எழுதினதை வாசிச்சனீரோ? அந்த மனுசனுக்குக் காதுக்குள்ள ஆரோ கதைக்கிறது கேக்குதாம், கனகாலமா. தீர்ப்பில அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை."

"மேல்கோர்ட்டும் பாத்துத்தானே உறுதிப்படுத்தினது?"

"அவையும் உம்மைப்போலத் தீர்ப்பைத்தான் வாசிச்சிருக்கினம். நீதிபதி கண்டதை மட்டும் நாங்களும் கண்டா, நாங்கள் என்னத்துக்கு?"

எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு நீர் நீட்டிய பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்த ஒரு பக்கத்தில்தான் வழக்கு நின்றது. அவருடைய மனநோயைக் கணக்கில் எடுத்ததால் தூக்கு ரத்தாகி ஆயுள் தண்டனையானது. அன்று நீர் ஆஸ்பத்திரியில். ஓடிவந்து சொன்னேன். "ஓம், எனக்குத் தெரியும்" என்றீர், அந்த நிலையிலும் தலைக்கனத்தோடு. அந்தத் தலைக்கனம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று, நீர் கண்மூடுவதற்குமுன், அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இப்போது நானும் உறை ஒட்டுகிறேன். தூக்கு வழக்கென்றால் தீர்ப்பு கடைசியில்தான். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இந்த முறையில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

அந்த மனிதர் போன மாதம் எனக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். மருந்து எடுக்கிறாராம், சிறைச் சமையலறையில் வேலையாம். நன்றி வரவேண்டிய ஆள் நானல்ல என்று உம்மைப்பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்த கடிதத்தைப் பற்றியும், யாரிடமும் சொல்லாததை, முழுக்கச் சொல்லிவிட்டேன். இன்னும் பதிலில்லை. கோபமாக இருப்பார். இருக்கட்டும். என்மேல் கோபப்பட அவர் உயிரோடு இருக்கிறார்.